வலது பட்டனில் ஒரு ரப்பர் பேண்டு

என் பிரஸ் மிஷினுக்கு இரண்டு பச்சைப் பட்டன்கள். உள்ளங்கை அகலம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டும் என் தோள் உயரத்தில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் பஞ்ச் இறங்கி, கீழே டை என்கிற அச்சில் வைத்திருக்கும் தகட்டை வெட்டும். ஏன் இரண்டு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்குள் இருக்காது. ஓசூரில் பிரஸ் ஷாப்புகள் இருக்கும் தெருவில் டீக்கடையில் நின்று, கிளாஸ் பிடிக்கும் கைகளில் எத்தனை விரல் குறைகிறது என்று பார்த்தால் போதும், அந்தப் பட்டன்களின் அருமை தெரியும்.

அந்த வலது பட்டனைத்தான் நான் நான்கு மாதம் கட்டிவைத்து வேலை செய்தேன். தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டால்.

தோள் வலி அதற்கும் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. முதலில் படுக்கும்போது மட்டும். வலப்பக்கம் திரும்பினால் உள்ளே ஆழத்தில், விரலால் தொட்டுக் காட்ட முடியாத இடத்தில் குடையும். பிறகு ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. பிறகு பரணிலிருந்து டப்பா எடுக்க முடியவில்லை. கையைச் சுழற்றினால் தோளுக்குள் மணல் அரைபடுவதுபோல் நறநறவென்று ஒரு சத்தம், அது எனக்கே கேட்டது. ஒரு காலையில் தலை பின்னக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். கை காதுவரை வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து என் கணவர்தான் எனக்குப் பின்னல் போட்டுவிடுகிறார். லேத் பட்டறைக்காரர். பின்னலையும் போல்ட் முறுக்குவதுபோல் முறுக்குவார். "மெதுவாங்க, தலையக் கழட்டி எடுத்துருவீங்க போல" என்று நான் கத்தாமல் எங்கள் வீட்டில் விடிந்ததில்லை.

எங்கள் வாடகை வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். நல்ல மனது, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "இதி ஃப்ரோசன் ஷோல்டரம்மா. சுவத்துல வெரல வெச்சி தெனம் ஒரு இஞ்சு மேல ஏத்து, சரியாப் போயிடும்" என்றார். நானும் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விரலை ஏற்றினேன். இரண்டு வாரத்தில் கோடு ஏறவில்லை, வீக்கம்தான் ஏறியது.

அதற்குப் பிறகுதான் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். கம்பெனி அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமென்றே போகவில்லை. அங்கே போனால் சீட்டு கம்பெனிக்குப் போய்ச் சேரும். நான் ஒப்பந்தத் தொழிலாளி. முந்தின வருடம் எங்கள் ஷாப்பில் ஒரு பெண் இடுப்பு வலி என்று டாக்டர் கடிதம் கொண்டுவந்து கொடுத்தாள். "ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவளுடைய பெயர் லிஸ்டில் இல்லை. என் மகள் கிருஷ்ணகிரியில் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் படித்து முடிக்கும்வரை என் பெயர் அந்த லிஸ்டில் இருந்தே ஆகவேண்டும். வலியைவிட அந்தப் பயம்தான் என்னை அதிகம் ஆட்டிவைத்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"இது பந்து. இது அந்தப் பந்து உக்கார்ற கிண்ணம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கறுப்பு இடைவெளி தெரியணும். எலும்பும் எலும்பும் உரசாம இருக்க அங்க ஒரு குருத்தெலும்பு இருக்கும். அது படத்துல விழாது, இடைவெளியாத்தான் தெரியும். உங்களுக்கு அந்த இடைவெளியே காணோம் பாருங்க."

பார்த்தேன். வெள்ளையும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டிருந்தன. பந்தின் அடியில் ஒரு சின்ன மூக்கு வேறு நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, தேய்ந்த மூட்டில் எலும்பு இப்படி ஓரத்தில் வளரும் என்றார். எனக்கு அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. டை தேய்ந்தால் வெட்டுகிற துண்டின் ஓரத்தில் பிசிறு நீட்டும். இருபது வருடமாக அந்தப் பிசிறைப் பார்த்துப் பார்த்து, "டைய கழட்டுங்க, தேஞ்சு போச்சு" என்று சத்தம் போடுகிறவள் நான்தான்.

"முன்னாடி எப்பவாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஜல்லியில் வண்டி சறுக்கி விழுந்தேன். தோள் மூட்டு விலகிவிட்டது. பக்கத்து ஊரில் கட்டுக் கட்டுகிறவர் அக்குளில் காலைக் கொடுத்து ஒரே இழுப்பில் உள்ளே தள்ளினார். பத்தே நாளில் மிஷினில் நின்றேன். அந்தக் கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! டாக்டரிடமும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு ஆரம்பிச்சதும்மா இது. விலகும்போதே உள்ள அடிபட்டிருக்கும். அது மேல இத்தனை வருஷமா வேலையும் செஞ்சிருக்கீங்க. தேஞ்சது திரும்ப வளராது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். வலிக்கு மாத்திரை தர்றேன், ஒத்தடம் கொடுங்க, எக்சர்சைஸ் சொல்லித் தருவாங்க. தாங்கலன்னா ஊசி. அதுக்கும் கேக்கலன்னா கடைசியா மூட்டு மாத்துற ஆபரேஷன். சுவத்துல ஏத்துறது, தொங்குறது எதுவும் வேணாம். அதுக்காகக் கையக் கட்டிப் போட்டும் வெச்சிராதீங்க, இன்னும் இறுகிப்போயிரும். நெஞ்சுக்குக் கீழ எந்த வேலையும் செய்யலாம். தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கிச் செய்யுற வேலை மட்டும் கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"வீட்டு வேலைதான் சார்" என்றேன்.

"வெளிய வேலைன்னா சொல்லுங்க, லெட்டர் எழுதித் தர்றேன். வேற வேலைக்கு மாத்திக் கொடுப்பாங்க."

"வீட்டு வேலைதான் சார்."

இரண்டு முறை பொய் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

அடுத்த வாரம்தான் ரப்பர் பேண்டு யோசனை வந்தது. மணிக்கட்டில் எப்போதும் ஒன்று உபரியாகப் போட்டிருப்பேன். கணவர் போடும் பின்னல் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும் என்பதால். அந்த ரப்பர் பேண்டை வலது பட்டனின் தலையில் மாட்டி, பின்னால் இருக்கும் பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று இழுத்தேன். பட்டன் அழுந்தியபடியே நின்றது. பச்சைப் பட்டன் என்பது பேருக்குத்தான், எண்ணெய் ஏறி அது எப்போதோ கறுத்துவிட்டது. கிட்டே வந்து குனிந்து பார்த்தாலொழிய ஒன்றும் தெரியாது. புது மிஷின்களில் இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனையும் விட்டு அழுத்தினால்தான் அவை ஓடும். என்னுடையது பழசு, அதற்கு அவ்வளவு விவரம் போதாது.

இனி இடது கையால் இடது பட்டனை அழுத்தினால் போதும், பஞ்ச் இறங்கிவிடும். வலது கை முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தகட்டை உள்ளே வைக்கும், எடுக்கும். வலியே இல்லை. அந்த முதல் நாள் எனக்கு அழுகை வந்தது, அத்தனை நிம்மதி. ஆனால் கை டைக்குள் இருக்கும்போது பஞ்ச் இறங்காமல் இருப்பதற்கு என் கவனம் ஒன்றைத் தவிர வேறு காவல் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கை வைக்க ஒரு கை அழுத்த என்று போனதில் என் உற்பத்தி ஏறியது. சூப்பர்வைசர், எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து மூன்றாவதாக ஒரு பாஷை பேசுகிறவர், என் மிஷின் பக்கம் வரும்போதெல்லாம் "சூப்பர் அம்மா, சூப்பர்" என்பார். அவர் தலை தெரிந்ததும் வலது கையைச் சிரமப்பட்டு ஏற்றிப் பட்டனில் வைத்துக்கொண்டு நானும் இளிப்பேன். நான்காவது மாதம், அந்த மாதத்தின் சிறந்த ஆபரேட்டர் நான்தான் என்றார்கள்.

இரண்டாம் ஷிப்டில் அதே மிஷினுக்கு வருகிறவள் என் தெருவிலேயே குடியிருக்கும் பெண். ஊர் சிங்காரப்பேட்டை. முப்பது வயது இருக்கும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். நான் திட்டினால்கூடச் சிரிப்பாள். அவளுக்கு இடக்கைப் பழக்கம். எதற்கும் இடது கைதான் முந்தும். வலது கையால் தகட்டை வைத்துக்கொண்டே இடது கையைப் பட்டனுக்குக் கொண்டுபோய்விடுவாள். வலது பட்டன் ஒழுங்காக இருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை, வலது கையும் வந்து சேரும்வரை மிஷின் காத்திருக்கும். அதனால் ஷிப்டு முடிந்து சங்கு ஊதும் முன் ரப்பர் பேண்டைக் கழற்றுவது எனக்குச் சாமி கும்பிடுவதுபோல். ஒருநாளும் தவறியதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு ரப்பர் பேண்டு காணாமல் போகும், அது எல்லாருக்கும் போவதுதானே. ஃபேன்சி ஸ்டோரில் அட்டையோடு வாங்கி வைத்திருந்தேன்.

போட்டோ எடுக்கிற நாள் வந்தது. மதியம் இரண்டேகாலுக்கு, சங்குக்கு இன்னும் கால்மணி நேரம் இருக்கும்போது, சூப்பர்வைசர் ஓடிவந்தார். "அம்மா, பேக வாங்க, சீக்கிரம்! மேனேஜர் வெயிட்டிங்கு, போட்டோக்கு லேட்டாய்த்து!" கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சான்றிதழைக் கொடுத்து, "தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க" என்றான் போட்டோக்காரன். வலது கை எப்படிப் போகும்? இடது கையால் மட்டும் தூக்கினேன். "ரெண்டு கையாலம்மா" என்றான். "எனக்கு இப்படித்தான் அழகு, எடுப்பா" என்று அதட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அக்குளெல்லாம் வேர்த்துவிட்டது. அதற்குள் சங்கு ஊதிவிட்டது. லாக்கரில் இருந்து பையையும் போனையும் எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் தொழிற்பேட்டையைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் காற்றில் பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் அடித்தது. மணிக்கட்டைத் தடவினேன். ரப்பர் பேண்டு இல்லை.

பட்டனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி தடவினேன். இன்னொரு மணிக்கட்டையும் தடவினேன். பைக்குள் தேடினேன், அங்கே இருக்காது என்று தெரிந்தே.

அவளுக்குப் போன் செய்ய வழியில்லை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என்னிடம் இருந்தது சூப்பர்வைசர் நம்பர் மட்டும்தான். அவரிடம் சொன்னால் அவள் விரல்கள் பிழைக்கும், என் வேலை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். நான் யோசித்தேன். ஷிப்டு ஆரம்பித்ததும் கால்மணி நேரம் நிற்கவைத்துப் பேசுவார்கள். பிறகு முதல் துண்டைக் குவாலிட்டிக்காரர் அளந்து பார்க்கவேண்டும், ஆனால் அந்த முதல் துண்டை வெட்டுவதே அவள்தான். ஆக, கால்மணி நேரம். அதற்குள் நானே போய்விட்டால், எதையோ மறந்துவிட்டதுபோல் மிஷின் பக்கம் போய் ரப்பர் பேண்டை உருவிக்கொண்டு வந்துவிட்டால், யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படித்தான் கணக்குப் போட்டது என் புத்தி. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"நிறுத்துங்க, எறங்கணும்" என்று கத்தினேன். எதிர்ப்பக்கம் ஓடி ஓர் ஆட்டோவை மறித்து ஏறினேன். ஆட்டோ கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அதன் பின்னால் பஸ், பைக், தக்காளி ஏற்றிய வேன், எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. லாரி அசையவில்லை. மணி இரண்டு நாற்பத்து மூன்று. எனக்கு அவளுடைய கைகள் மட்டும் கண்முன் வந்துகொண்டே இருந்தன. இடது கை எழும்புகிறது. வலது கை இன்னும் உள்ளே இருக்கிறது.

போனை எடுத்து அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"ஏனம்மா?"

"சார், என் மிஷின நிறுத்துங்க. ஓடுங்க சார். வலது பட்டன்ல ரப்பர் மாட்டிருக்கேன்."

"ஏனு? என்ன ரப்பர்?"

"பட்டன அமுக்கிக் கட்டிருக்கேன் சார்! இடது கை பட்டா பஞ்ச் எறங்கிரும்! ஓடுங்க!"

அந்தப் பக்கம் போன் எங்கோ மோதும் சத்தம், கன்னடத்தில் அவர் போடும் கூச்சல், செருப்பு ஓடும் ஓசை. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. நான் ஆட்டோவை விட்டு இறங்கி, லாரியின் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே நுழைந்து ஓடினேன். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் தோள் குத்தியது. குத்தட்டும் என்று ஓடினேன்.

ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் காதில் பட்டது அமைதி. என் வரிசை மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஆட்கள் வட்டமாக நின்றார்கள். இடது தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். ரத்தம் இல்லை. டையில் ஒரு தகடு வைத்தபடியே இருந்தது, வெட்டப்படாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் சிரிக்கிற முகம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது.

"கைய உள்ள உட்டுட்டன்க்கா. இந்தக் கை பட்டன் கிட்டப் போயிடிச்சி. சார் கத்துனாரு" என்றாள். அவ்வளவுதான்.

அவள் எழுந்து, மணிக்கட்டில் போட்டிருந்த மூன்று ரப்பர் பேண்டுகளை உருவி என்னிடம் நீட்டினாள். ஒன்று இப்போதுதான் பட்டனிலிருந்து கழற்றியது, எண்ணெய்ப் பிசுக்கோடு. மற்ற இரண்டும் கழுவிச் சுத்தமாக இருந்தன.

"இதுக்கு முன்னால ரெண்டு தபா நீ கழட்டாம போயிட்ட. அப்ப நான் பாத்துட்டன், கழட்டி வெச்சிக்கினன். இன்னிக்கிப் பாக்கல."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செய்த பாவி நான், ஆத்திரமும் எனக்கே வருகிறது. "பாத்தவ ஏண்டி சொல்லல? என் மூஞ்சில தூக்கி எறிஞ்சிருக்க வேண்டியதுதான?"

"நீ தோளத் தூக்க முடியாம இருக்கறது எனக்குத் தெரியாதா? உன் ஊட்டுக்காரரு உனக்கு ஜடை போடறத தெனம் பாக்கறன். சொன்னா உனுக்கு அசிங்கமாப் பூடும், வேலயும் பூடும்னு உட்டுட்டன். தெனம் நானே வந்து ஒரு பார்வ பாத்துக்கலாம்னு இருந்தன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கி பையனுக்கு ஜொரம். அந்த ரோசனலயே வந்துட்டன்க்கா."

என் வலியை நான் மறைத்தேன். நான் மறைத்ததை அவள் மறைத்தாள். இரண்டையும் சேர்த்து அவள் விரல்கள் மேல் வைத்துவிட்டோம்.

சூப்பர்வைசர் அதுவரை மிஷினைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். "தோளுக்கு ஏனாய்த்து? கை எத்தம்மா, நோடோண, பாக்கலாம்."

வட்டமாக நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இதற்குத்தான் ஒரு வருடமாக ஓடி ஒளிந்தேன். வலது கையைத் தூக்கினேன். பல்லைக் கடிக்கவில்லை, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. கை மெல்ல எழும்பி, நெஞ்சைத் தாண்டி, தோளுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. உள்ளே நறநறத்தது, பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டிருக்கும்.

"அவ்ளோதான் சார்" என்றேன். "மூட்டு தேஞ்சு போச்சு. தோள் உயரத்துக்குத் தூக்குற வேலை செய்யக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் அவருகிட்ட பொய் சொல்லிட்டேன்."

"நாளைக்கு மார்னிங் ஆபீஸ் வாங்க. டாக்டர் பேப்பர் எல்லாம் எடுத்துக்கினு வாங்க. மேனேஜர் என்ன சொல்றாரோ, நன்கே கொத்தில்ல, தெரியாது" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் மெயின் சுவிட்சை அணைக்கப் போனார்.

கூட்டம் கலைந்தது. நான் கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன். அவிழ்ந்த முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது.

"மிஷின் கிட்ட மயிர விரிச்சிப் போட்டுகினு நிக்காதக்கா. திரும்பு" என்றாள் அவள்.

திரும்பினேன். பின்னால் நின்று முடியை அள்ளி, சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, என் தலையில் படும் ஒவ்வொரு விரலாக எண்ணினேன். பத்து இருந்தன. நம்பிக்கை வராமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.